கறுத்த பதக்கம்

யோருனுக்கு வலது தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலித்தது. மீன் வெட்டும் மேசையில் இளமையைத் தொலைத்த தோள் அது. குளிர் பட்டாலே முனகும். இன்று காலையிலிருந்து அதைக்கொண்டு செத்த சால்மன் மீன்களை அள்ளிக்கொண்டிருந்தாள்.

துப்பறிய வந்தவளை அள்ளச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் ஹெல்விக் ஊரே நெஞ்சுவரை ரப்பர் உடுப்பை ஏற்றிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி நிற்கிறது. கரையில் கையைக் கட்டிக்கொண்டு கேள்வி கேட்கிறவளுக்கு அங்கே ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள். யோருனும் இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவள்தான். அதனால் கூடையைத் தூக்கினாள்.

"பாஸ், நாம துப்பறிய வந்தோமா, கூலிக்கு வந்தோமா?" என்றான் ஐலிஃப். பதினோரு வருஷம் படகில் கயிறு இழுத்துவிட்டு அவளிடம் உதவியாளாகச் சேர்ந்தவன். கயிறு இழுக்கும்போது வாய் சும்மா இருக்குமாம், அந்தப் பழக்கம் அவனை விடவில்லை. "கூலின்னா சோறாவது போடுவாங்க. அதான் கேட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற இடமும் இல்லை அது. நேற்று மே பதினேழு, தேசிய நாள். ஊர் முழுக்கக் கொடியும் பாண்டு வாத்தியமுமாக ஊர்வலம் போன அந்தக் காலையில்தான் முதல் தொட்டியில் இருந்த சால்மன் மொத்தமும் செத்து மிதந்தது. இரண்டு குளிர்காலம் ஊட்டி வளர்த்த மீன். அடுத்த மாதம் அறுப்புக்குப் போகவேண்டியது.

முன்பு இந்த ஃபியோர்டில், மலைகளுக்கு நடுவே உள்ளே நுழைகிற இந்தக் கடல்கழியில், ஒரு கம்பெனி கூண்டு கட்டி சால்மன் வளர்த்தது. கூண்டிலிருந்து மீன்களைத் தின்னும் கடல்பேன் பரவியது, பேனுக்கு மருந்து ஊற்றினார்கள், கழிவு அடியில் படிந்து கடல் தரை செத்தது, ஆற்றில் ஏறுகிற காட்டு சால்மனும் வராமல் போயிற்று. கம்பெனி மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஃபியோர்டுக்குப் போனது. மிஞ்சிய ஊர்க்காரர்கள் வீட்டையெல்லாம் அடமானம் வைத்து, பழைய கல்குவாரியில் இந்தக் கூடத்தைக் கட்டினார்கள். தரைமேலே இரண்டு பெரிய தொட்டி. அதே தண்ணீர் சுத்தமாகித் திரும்பத் திரும்பச் சுற்றும். கழிவு உருளைக்கிழங்கு வயலுக்கு உரமாகப் போகும். ஃபியோர்டுக்குள் ஒரு சொட்டு அழுக்கு இறங்காது. ஊருக்கு இருந்த ஒரே பெருமை அது. ஒரே பிழைப்பும் அதுதான்.

இப்போது உயிரோடு இருப்பது இரண்டாவது தொட்டி மட்டும். அதுவும் போனால் ஹெல்விக்கில் வீடு வைத்திருக்கிறவர் எவரும் இல்லை.

பண்ணையை நடத்துகிறவள் தூரிட். தூங்காத கண்ணோடு தொட்டி விளிம்பில் நின்று கூடைகளை வாங்கிக்கொண்டிருந்தாள். யோருனை வரவழைத்தவளும் அவள்தான். யார் செய்தது என்று கண்டுபிடிக்க அல்ல. அதை ஊர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. நேற்று ஷிஃப்டில் தனியாக இருந்தவன் ஆஸ்லே. முன்பு அந்தக் கூண்டுக் கம்பெனியில் வேலை பார்த்தவன். இதற்குமேல் என்ன வேண்டும்? நேற்று மத்தியானம் படகுத்துறையில், பாண்டு வாசித்த பிள்ளைகள் உட்பட ஊரே பார்க்க, தூரிட் அவனைக் கன்னத்தில் அறைந்தாள். அவன் கையைக்கூடத் தூக்கவில்லையாம். போலீஸ் இன்றைய மத்தியானப் படகில் வருகிறது.

"அவன் என்ன ஊத்துனான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லு யோருன்," என்று தூரிட் அவளிடம் சொல்லியிருந்தாள். "தண்ணிய பரிசோதனைக்கு அனுப்பினா முடிவு வர ஒரு வாரமாகும். இந்த மீனுக்கு ஒரு வாரமெல்லாம் கிடையாது. என்ன விஷம்னு தெரிஞ்சாத்தான் மிச்சத்தக் காப்பாத்த முடியும்."

யோருன் கூடையை இறக்கி வைத்தாள். இனி அள்ளியதற்குக் கூலியாகப் பதில் கேட்கலாம்.

ஆஸ்லேயைச் சாப்பாட்டு அறைக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். பூட்டு இல்லை. வாசலில் இரண்டு பேர் நின்றார்கள், அவ்வளவுதான். காப்பி டின்களுக்கு நடுவே, முழங்காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி தொடப்படாமல் காய்ந்து கிடந்தது.

ஐலிஃப் ரொட்டியைப் பார்த்தான். பிறகு ஆஸ்லேயைப் பார்த்தான். "நீ சாப்பிடலன்னா அது உன் துக்கம். ரொட்டி காயறது பொதுத் துக்கம்," என்று எடுத்துக் கடித்தான். ஆஸ்லே தலையை நிமிர்த்தவே இல்லை.

கேட்டதற்கெல்லாம் அவன் சொன்ன பதில் ஒன்றுதான்: தான் போயிருக்கக்கூடாது. எங்கே போனான் என்று பிடுங்கிப் பிடுங்கிக் கேட்ட பிறகு வந்தது. கொடி ஏற்றப் போயிருக்கிறான். மே பதினேழு காலை எட்டு மணிக்குக் கொடி ஏறாத வீடு இந்தத் தேசத்தில் இல்லை. அவன் வீட்டில் அவனைத் தவிர ஆள் இல்லை. வீடு குவாரி மேட்டில்தான், கூப்பிடு தூரம். ஓடிப்போய் ஏற்றிவிட்டுத் திரும்பியிருக்கிறான். ஷிஃப்டில் இருக்கிறவன் கூடத்தை விட்டு நகரக்கூடாது. அது தெரிந்தும் போனான். அதனால்தான் அறை விழுந்தபோது வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறான்.

திரும்பி வந்தபோது மீன் எப்படி இருந்தது என்று யோருன் கேட்டாள். மூச்சுக்குத் திணறினால் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும், இவை அப்படிச் செய்யவில்லை என்றான். சுவரில் போய் மோதின, துள்ளின, பிறகு ஒன்றாக அடங்கிப்போயின. ஆக்ஸிஜன் முள் சரியான இடத்தில்தான் நின்றதாம்.

"வேற ஏதாவது?"

"லேசா ஒரு வாடை. அழுகுன முட்டை மாதிரி. கடல் வத்தியிருந்த நேரம். சேத்து வாடைன்னு விட்டுட்டேன்."

யோருன் காப்பி டின்களை விலக்கி அவன் அருகில் வந்தாள். பிறகு குனிந்து அவன் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து வெளியே இழுத்தாள். சின்ன வெள்ளிச் சிலுவை. எப்போதாவது கழற்றுவானா என்று கேட்டாள். பதினைந்து வயதில் தேவாலயத்தில் போட்டது, அதற்கப்புறம் கழற்றியதே இல்லை, நேற்றும் சட்டைக்கு வெளியேதான் தொங்கியது என்றான். சிலுவை அப்போதுதான் பிடித்த மீன் மாதிரி மின்னியது.

வெளியே வந்ததும் ஐலிஃப் வாயைத் துடைத்தான். "மனுஷன் தலைக்குமேல கத்தி தொங்குது. நீங்க கழுத்துல நகை எடை போடறீங்க பாஸ்."

"உங்க வீட்ல அவிச்ச முட்டைய வெள்ளிக் கரண்டியில சாப்பிடுவீங்களா?"

"எங்க வீட்ல இருந்ததே ஒரு வெள்ளிக் கரண்டி. அதுல முட்டைய எடுத்தா எங்கம்மா என் கைய எடுத்திருப்பா. கரண்டி கறுத்துப்போயிடும்ல?"

சொல்லிவிட்டு அவனே நின்றுவிட்டான்.

"அழுகுன முட்டை வாடைக்கு அத விடச் சீக்கிரமாவே கறுக்கும்," என்றாள் யோருன். "அந்த வாடை முழுசா வந்தப்போ பக்கத்துல நின்னவங்க வெள்ளி கறுத்திருக்கணும். ஆஸ்லேவோடது கறுக்கல. அவன் வர்றதுக்குள்ள காரியம் முடிஞ்சு வாடை அடங்கிப்போச்சு. அப்ப கொடி ஏறுன நேரத்துல உள்ள வேற ஆள் இருந்திருக்காங்க. நேத்து இந்த ஊர்ல வெள்ளி போடாத ஆள் உண்டா?"

உண்மைதான். மே பதினேழு அன்று பாரம்பரிய உடுப்பில் வெள்ளி இல்லாமல் வாசல் தாண்டுகிறவர் யார்? பெண்களுக்கு மார்பில் குத்துகிற பதக்கம், கீழே குட்டிக் குட்டி இலைகள் தொங்கும். நடந்தால் சலசலக்கும். முந்தின நாளே உட்கார்ந்து தேய்த்துப் பளபளப்பாக்கி வைப்பார்கள். அழுக்கு வெள்ளியோடு ஊர்வலத்தில் நடப்பதற்கு வீட்டிலேயே கிடக்கலாம்.

"ஆம்பளைங்களயும் விட்டுடாதீங்க," என்றான் ஐலிஃப். "எங்க மாமா சட்டையில இருக்கற வெள்ளிப் பொத்தான வித்தா ஒரு படகு வாங்கலாம். ஆனா பாஸ், ஊர் பூரா வீடு வீடாப் போய் நகைய காட்டுன்னு கேட்டா நம்மளத்தான் முதல்ல பிடிச்சுக் குடுப்பாங்க."

வீடு வீடாகப் போக வேண்டியதில்லை. கறுத்த வெள்ளி எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போகும்.

துறைக்குப் பக்கத்தில் போர்கில்லின் வெள்ளிப் பட்டறை. ரப்பர் உடுப்பைக்கூடக் கழற்றாமல் யோருன் உள்ளே நுழைந்தாள். போர்கில் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, தரையில் சொட்டுகிற தண்ணீரையும் இருவரின் பூட்ஸையும் முறைத்தாள். பூட்ஸை வாசலில் விட்டு வந்த பிறகுதான் பேசினாள்.

இன்று காலை ஒரு பதக்கம் வந்தது, ஆமாம். யாருடையது என்று சொல்லமாட்டாள். டாக்டரிடம் போய் யாருக்கு என்ன நோய் என்று கேட்பீர்களா? இதுவும் அப்படித்தான் என்றாள். திருநாளன்று வெள்ளி கறுத்தது ஒரு பெண்ணுக்குச் சின்ன அவமானம் இல்லை. அதிலும் அந்தப் பதக்கத்தை முந்தின நாள் தேய்த்துக் கொடுத்ததே போர்கில்தான். தன் கை வேலை இப்படித் திரும்பி வந்ததில் அவளுக்கும் கோபம் இருந்தது. கோபத்தில்தான் துணியை விலக்கிக் காட்டினாள்.

மேல்பாதி அடுப்புக் கரி. கீழ்ப்பாதி புத்தம்புதுசு. நடுவே, கத்தியால் கீறினாற்போல ஒரு நேர்க்கோடு. கறுத்த பாதியில் ஓர் ஓரத்தை மட்டும் போர்கில் தேய்த்துப் பார்த்திருந்தாள். அந்த இடம் நட்சத்திரம் மாதிரி தெரிந்தது.

"பாதி மட்டும் அழுகுன முட்டையா பாஸ்?" என்றான் ஐலிஃப்.

யோருன் பதிலுக்குப் பதக்கத்தை எடுத்துத் தன் மார்பில், குத்துகிற இடத்தில் வைத்தாள். ரப்பர் உடுப்பின் மேல்விளிம்பு நெஞ்சுக்குக் குறுக்கே ஓடியது. பதக்கத்தின் மேலிருந்த கோடும் அந்த விளிம்பும் ஒன்றோடொன்று பொருந்தின. விளிம்புக்குள் போனது பளபளப்பான பாதி. வெளியே நின்றது கறுத்த பாதி.

போர்கில் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினாள்.

திருநாள் உடுப்புக்கு மேலேயே ரப்பரை மாட்டிக்கொண்டு கூடத்துக்குள் போயிருக்கிறாள் ஒருத்தி. வேடிக்கை பார்க்க வந்தவள் இல்லை, வேலை செய்ய வந்தவள். சாவி இரண்டே இரண்டு பேரிடம்தான் உண்டு. ஒருவன் ஆஸ்லே.

"அவன் பாவாடை கட்டற ஆள் மாதிரி தெரியல," என்றான் ஐலிஃப் மெதுவாக. இந்தத் தடவை அது வேடிக்கைக்குச் சொன்னதாக இல்லை.

போர்கில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை. "ஊர்வலம் பூரா சால்வைய இழுத்து இழுத்து மூடிக்கிட்டே நடந்தா பாவம்," என்றாள். "நான் குடுத்த மெருகு சரியில்லன்னு நெனச்சிருப்பா. என்னைக் குத்தம் சொல்லக்கூட இல்ல. தூரிட் அப்படிப்பட்டவதான்."

ஐலிஃப் வாசலுக்கு வந்து பூட்ஸை மாட்டியபடியே கணக்கைப் போட்டு முடித்துவிட்டான். அவளே கொன்றாள், பழியை ஆஸ்லே தலையில் போட்டாள், கேள்வி வராமல் இருக்க நம்மையும் கூப்பிட்டாள். பிரமாதமான பொம்பளை.

"கொன்னவ எதுக்குடா சாட்சிய கொண்டுவந்து பாலிஷ் போடக் குடுக்கறா?" என்றாள் யோருன். "ஒளிச்சு வச்சிருப்பாளே. இது தனக்குத் தெரியாமலே செஞ்ச வேல." திரும்பி போர்கில்லைப் பார்த்தாள். "எப்ப வாங்கிக்கறேன்னு சொன்னா?"

"மத்தியானம் வர்றதா சொன்னா. இப்பத்தான் போன் பண்ணி, வர நேரமாகும்னா. ரெண்டாவது தொட்டிக்குப் புதுத்தண்ணி குடுக்கப் போறாளாம். மாத்துக் குழாய்ல."

"எந்தக் குழாய்?"

ஒவ்வொரு தொட்டிக்கும் கடலிலிருந்து நேராக ஒரு மாற்றுக் குழாய் போட்டு வைத்திருக்கிறார்கள், ஆபத்துக்கு. போன இலையுதிர்காலத்திலிருந்து மூடியே கிடக்கிறது. இதையெல்லாம் போர்கில் விளக்கிச் சொல்லிவிட்டு, இந்தக் கரையில் பிறந்த எவரும் சொல்லக்கூடியதைச் சொன்னாள்: "கடல் தண்ணிய விடச் சுத்தமானது எது?"

யோருன் பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

வேன் ஓட்டியது ஐலிஃப். அவன் ஓட்டினால் வேனும் படகு மாதிரித்தான் ஆடும். யோருன் தூரிட்டின் எண்ணை மறுபடி மறுபடி அழுத்தினாள். கூடத்தில் பம்பு இரைச்சலில் போன் மணி யாருக்குக் கேட்கும்? குவாரி வளைவில் ஃபியோர்டு தெரிந்தது. போலீஸ் வருகிற படகு வெள்ளைப் புள்ளியாக அதன் வாய்க்குள் நுழைந்துகொண்டிருந்தது.

"ஓடற கடல் சுத்தம்தான்," என்றாள் யோருன், கைப்பிடியைப் பிடித்தபடி. "அதையே கொஞ்சம் சேத்தோட இருட்டுக் குழாய்ல ஒரு குளிர்காலம் அடைச்சு வச்சா? உள்ளயே அழுகும். அழுகி அந்த முட்டை வாடை விஷமா மாறும். நேத்து அவ தொறந்தது முதல் குழாய். இன்னைக்கு ரெண்டாவது."

ஐலிஃப் கியரை மாற்றினான். வேனை இன்னும் மிதித்தான்.

கூடத்துக் கதவைத் தள்ளும்போதே வாடை மூக்கில் அறைந்தது. இரண்டாவது தொட்டிக்குப் பின்னால் சுவரோரம் தூரிட் நின்றாள். நெஞ்சுவரை ரப்பர், இரண்டு கையும் இரும்புச் சக்கரத்தில். துருப்பிடித்த வால்வு இறுகிக் கிடந்தது. அது மட்டும்தான் நல்லகாலம். ஒரு சுற்றுத்தான் வந்திருந்தது. அதற்கே குழாய் வாய்ப்பக்கம் இருந்த மீன்கள் துள்ளிச் சுவரில் மோத ஆரம்பித்திருந்தன.

தூரிட் அதைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே சக்கரத்தை இன்னும் திறக்கப் போராடினாள். "ஆரம்பிச்சிடுச்சு யோருன். இதுலயும் கலந்திருக்கான். புதுத்தண்ணி பத்தல. வந்து பிடி."

ஐலிஃப் பாய்ந்து சக்கரத்தில் தொங்கினான், எதிர்ப்பக்கமாக. படகுக் கயிறு இழுத்த கை. தூரிட் அவன் தோளிலும் முதுகிலும் குத்தினாள். அவன் திரும்பவில்லை. கிறீச்சிட்டுக்கொண்டே வால்வு மூடியது. யோருன் ஓடிப்போய் சுற்றுநீர் பம்பை முழு வேகத்துக்குத் தள்ளினாள், ஆக்ஸிஜனையும் திறந்துவிட்டாள். பிறகு கூடத்துப் பெரிய கதவுகளைக் காற்றுக்கு விரித்துவிட்டு வந்தாள்.

தூரிட் கத்தினாள், தன் மீனைக் கொல்கிறார்கள் என்று. யோருன் குழாய்ப் பக்கம் குனிந்தாள். மாற்றுக் குழாயின் அடியில் ஒரு சின்னக் கழிவுக் குழாய் இருந்தது. அதைத் துளி திறந்து, தூரிட்டின் பதக்கத்தை அதன் கீழே பிடித்தாள். போர்கில் தேய்த்து வைத்த அந்த ஓரம் மட்டும் தண்ணீரில் நனைகிற மாதிரி.

மூவரும் அதையே பார்த்தார்கள். வெள்ளி முதலில் மஞ்சளாயிற்று. பிறகு பழுப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நட்சத்திரம் அணைந்துபோயிற்று.

தூரிட்டின் கை தானாகத் தன் மார்புக்குப் போனது. நேற்று பதக்கம் இருந்த இடம். ரப்பர் விளிம்பை விரல்கள் தடவின.

"பிள்ளைங்க ஊர்வலம் முடிஞ்சு மீன் பாக்க வர்றதா இருந்துச்சு," என்றாள். "தண்ணி கலங்கலா இருந்துச்சு. பளிச்சுனு தெரியட்டும்னு கொஞ்ச நேரம் தொறந்துவிட்டேன். மூடிட்டுத்தான் போனேன். வாடை வந்துச்சு, கடல் வத்துதுன்னு நெனச்சேன்." சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தாள். "யாரும் கேக்கல. நானும் சொல்லல. நல்லதுன்னு நெனச்சு செஞ்சத யாராவது வாக்குமூலமா சொல்லுவாங்களா?" பிறகு, "அப்ப, நானா கொன்னேன்?"

"ஆமா," என்றாள் யோருன். அதை மென்மையாக்கிச் சொல்லும் வழி அவளுக்குத் தெரியாது.

தூரிட் ஈரத் தரையில் உட்கார்ந்தாள். தொட்டியில் துள்ளல் குறைந்துகொண்டு வந்தது. குழாய் வாய்ப்பக்கம் சில நூறு வெள்ளை வயிறுகள் மிதந்தன. அதற்கு அப்பால், இருண்ட தண்ணீருக்குள், மற்றவையெல்லாம் ஓட்டத்தை எதிர்த்து நின்று வால் அசைத்துக்கொண்டிருந்தன. ஐலிஃப் விளிம்பில் கவிழ்ந்து வெகுநேரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். பிழைக்கும். ஊரும் அதோடு சேர்ந்து, எப்படியோ.

படகின் சங்கு ஊதியது.

திறந்த கதவு வழியே துறை முழுக்கத் தெரிந்தது. அள்ளிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ரப்பரும் செதிலுமாக அங்கேதான் கூடியிருந்தார்கள். இரண்டு பேர் நடுவில் ஆஸ்லேயை நடத்திக் கூட்டிப்போனார்கள். அவன் கழுத்தில் சின்னதாக ஏதோ மின்னியது. கூட்டம் வழி விட்டது. யாரோ துப்பினார்கள். அவன் துடைத்துக்கொள்ளவில்லை. கொடி ஏற்றப் போனதுதான் அத்தனை மீனையும் கொன்றது என்று அவன் இன்னும் நம்பிக்கொண்டிருந்தான்.

"போலீஸ்கிட்ட நான் பேசிக்கறேன்," என்றாள் யோருன். "குழாய், விஷம், வெள்ளி எல்லாம் நான் சொல்றேன். அது என் வேல. அவனை விட்டுடுவாங்க. மத்தது உன்னோடது."

"ஊர் பாக்க அடிச்சேன்," என்றாள் தூரிட்.

"தெரியும்."

தூரிட் வால்வுச் சக்கரத்தைப் பிடித்து எழுந்தாள். யோருன் நீட்டிய பதக்கத்தை வாங்கினாள். மார்பில் குத்திக்கொள்ளவில்லை, கைக்குள் வைத்து இறுக்கினாள். வாசல்வரை வந்தாள். வெளியே, அவளை நம்பி வீட்டை அடமானம் வைத்த அத்தனை பேரும் அவளுக்கு முதுகு காட்டி நின்றார்கள். அவள் வாய் திறந்தால் அத்தனை முகமும் திரும்பும்.

யோருன் தோளைத் தேய்த்துக்கொண்டே தூரிட்டைத் தாண்டி வெளியே இறங்கினாள். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தபோதும் தூரிட் கதவு நிலையைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். படகின் இறங்குபலகை தாழ்ந்து துறையில் தட்டியது.

ஆஸ்லேவின் கன்னத்தில் விழுந்த அந்த ஓர் அறைக்கு, அதே துறையில், அதே ஊர் முன்னால், தூரிட் கேட்கவேண்டிய மன்னிப்பு ஒன்று இருந்தது. அது இன்னும் பாக்கி.